சேஷகிரியின் இடது காது

சேஷகிரிக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கும். ஆனாலும் வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போகும்போது வலது காதை ஜனங்களுக்கும் இடது காதைக் குணசேகருக்கும் ஒதுக்கியிருந்தார். குணசேகர் அவருடைய இடது தோளுக்கு அரை அடி பின்னால் நடப்பார். ஒரு வாசலில் ஆள் தெரிந்ததும் லேசாகக் குனிந்து, உதடு அசைவது தெரியாமல், இரண்டே வரி சொல்வார்.

"பெட்டி ஆன்ட்டி. முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு. மருமகளோட பேச்சு இல்ல, அந்தப் பக்கம் போவாதீங்க."

அதற்குள் சேஷகிரி கும்பிட்ட கையோடு முன்னால் போயிருப்பார். "ஏன் ஆன்ட்டி, முழங்கால் எப்படி இருக்கு? மாடி ஏறி எறங்க ஆகுதா?" என்று கன்னட வாடை அடிக்கும் தமிழில் கேட்பார். பெட்டி ஆன்ட்டி நின்ற இடத்திலேயே உருகிப்போவார். பெற்ற மகனே கேட்காததைக் கவுன்சிலருக்கு நிற்கிற மனுஷன் கேட்டுவிட்டாரே! அந்தக் கேள்வி அரை அடி பின்னாலிருந்து கிளம்பியது என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இந்த வித்தை பலித்ததற்குக் காரணம் உண்டு. அங்கேயிருக்கும் தமிழர்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து, மனப்பாடம் செய்த தமிழில் "வணக்கம், சௌக்கியமா" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் டப்பாவை நீட்டிவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள். காவிரித் தண்ணீர்த் தகராறு கிளம்பினால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்கள். அவர்களுக்குக் கேக் தேவையில்லை. நாம் இன்னார் என்று யாருக்காவது தெரிந்திருந்தால் போதும். சேஷகிரிக்குத் தெரிந்திருந்தது, அதாவது, குணசேகருக்குத் தெரிந்திருந்தது.

குணசேகருக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லோரும் அவரிடம் வந்து சொன்னார்கள். ஆதார் அட்டையில் பெயர் தப்பு என்று வருவார்கள். பேச்சுவாக்கில் மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதைச் சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுச் சுவரில் புத்தரும் அம்பேத்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கோயிலுக்கும் போகமாட்டார், சர்ச்சுக்கும் போகமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குச் சர்ச் கேட்டருகே டீ குடித்துக்கொண்டு நின்றாரென்றால் அரை வார்டு அவரைச் சுற்றி நிற்கும். தெருப் பையன்கள் அவரைச் 'சேஷகிரியின் காது' என்று கிண்டல் செய்தார்கள். வெளியே முறைத்தாலும் அவருக்கு உள்ளூர அதில் பெருமைதான். அப்படிப் பெருமைப்பட்டதை நினைத்தால் இப்போது அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

எல்லா வீட்டையும்விட அவருக்கு நெருக்கமான வீடு அசோகனுடையது. தங்கவயலில் அசோகனும் குணசேகரின் அப்பாவும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். தொழிலாளர் குடியிருப்பில் எதிரெதிர் லைன் வீடு. சுரங்கம் மூடியதும் அசோகன் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தார். நெஞ்சில் தங்கிய சுரங்கத் தூசி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பேச ஆரம்பித்தால் இருமல், இருமலுக்கு நடுவே பேச்சு. அவர் மனைவி லூர்துமேரி வீட்டின் முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். குணசேகருக்கு அவர்கள் அண்ணன், அண்ணி. அவர்களுக்கு அவர் குணா, தம்பி.

அவர்களுடைய ஒரே மகன் லாயிட். தங்கமான பையன், குடிப்பதற்கு முன்னால். இருபது வயதில் எப்படியோ அந்தப் பழக்கம் பிடித்து, இருபத்திரண்டில் காலையிலேயே கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்டான். ஒரு நாள் மாவு ஒட்டிய கையோடு லூர்துமேரி குணசேகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். குணசேகர் ஒரு கார் ஏற்பாடு செய்து, தானே ஓட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே அத்திபெலே தாண்டியிருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் லாயிட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் பையன் அம்மா, அம்மா என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

"அக்கம்பக்கத்துல கேட்டா இன்னான்னு சொல்றது தம்பி?" என்றார் லூர்துமேரி.

"அத்திபெலேல கம்பெனி வேலை, அங்கயே ரூம் எடுத்துகினு இருக்கான்னு சொல்லுங்க அண்ணி. அந்தப் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்? யாரும் துருவ மாட்டாங்க."

லூர்துமேரி அப்படியே சொன்னார். யாரும் துருவவில்லை. பங்குச் சாமியார்கூடப் பையனுக்கு வேலை கிடைத்ததற்காக ஒரு ஜெபம் சொன்னார். அந்தப் பொய்யை லூர்துமேரிக்கு எடுத்துக்கொடுத்ததும் குணசேகர்தான், அதற்குக் காவல் இருந்ததும் அவர்தான். சேஷகிரி அந்த வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு தடவையும் குணசேகர் அவர் காதில் அசோகனின் இருமலை மட்டுமே போட்டார். லாயிட் இளைத்து, தெளிந்து, ஊர் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை.

தள்ளிக்கொண்டே போன கார்ப்பரேஷன் தேர்தல் ஒருவழியாக வந்தபோது சேஷகிரிக்கு ஒரு புதுக் கவலை வந்தது. பெரியவர்கள் சரி, இந்த முதல் ஓட்டுக்காரர்களை எப்படிப் பிடிப்பது? அவர்கள் வாசலில் நிற்பதேயில்லை. நின்றாலும் காதில் ஏதாவது மாட்டியிருக்கிறது. "உங்கம்மா கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அம்மா உள்ளதான் இருக்காங்க, அவங்களயே கேளுங்க அங்கிள்" என்கிறார்கள். குணசேகரின் வித்தை அவர்களிடம் செல்லவில்லை. அதனால் கட்சி ஆபீஸிலிருந்து வீடியோ வேலைக்கென்று யாமினி என்ற பெண்ணை அனுப்பினார்கள். அவளுக்கும் லாயிட் வயதுதான் இருக்கும்.

"எங்க செட்டுக்கு வாக்குறுதி குடுத்தா சிரிப்பாங்க சார்" என்றாள் யாமினி. "நிஜமா எதாச்சும் பேசுங்க. நிஜமான ஒரு ஆளு, நிஜமான ஒரு கதை. அது கேமராவுல தெரிஞ்சிடும்."

சேஷகிரி அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்ட எதையும் அவர் வீணாக்குகிறவர் இல்லை.

வார்டில் சின்னப் பையன்களும் பெண்களும் கூடுகிற ஒரே இடம் ரயில் பாதையை ஒட்டிய மண் மைதானம். சாயங்காலமானால் ஃபுட்பால். அங்கே லாயிட் சொன்னதுதான் சட்டம். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. அவனாகவே பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தான். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தால் மைதானமே நின்றுபோகும். அதைப் பார்த்துத்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனைக் கோச்சாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இன்டர்வியூ முடிந்துவிட்டது. பள்ளி திறக்கும்போது வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். லூர்துமேரி மகனுக்கு நீல நிறத்தில் ஒரு ட்ராக் சூட் வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் பீரோவைத் திறந்து காட்டுவார். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு வந்த நல்ல செய்தி அது.

அந்த மைதானத்தில் ஒரு டோர்னமென்ட் வைத்து, பரிசு கொடுக்கச் சேஷகிரியைக் கூப்பிடலாம் என்று யோசனை சொன்னதும் குணசேகர்தான். பரிசளிப்புக்கு முதல் நாள் மைதானத்தைப் பார்த்து வைக்க இருவரும் காரில் போனார்கள். கண்ணாடிக்கு வெளியே லாயிட் விசிலடித்தான். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் நின்றார்கள்.

"யாரப்பா அவன்?" என்றார் சேஷகிரி. "நான் மைக் பிடிச்சு கத்தினா ஒருத்தன் திரும்ப மாட்டேங்கறான். இவன் ஒரு விசிலுக்கு இப்படி நிக்கறாங்களே."

சேஷகிரியின் இடது காது குணசேகர் பக்கம் சாய்ந்தது.

இங்கேதான் குணசேகர் சறுக்கினார். வேறு யாராக இருந்தாலும் "நம்ம அசோகன் மகன்" என்று சொல்லி நிறுத்தியிருப்பான். ஆனால் எத்தனையோ வருஷமாக அந்தக் காது சாய்ந்தால் இந்த வாய் திறக்கும் என்றாகிவிட்டிருந்தது. பெயர், வீடு, நோவு, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்சம் ஆசையும் இருந்தது. சேஷகிரி பையனைப் பெரிதாக நினைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்ற ஆசை. கேட்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்ப்பதற்காகவே அத்திபெலேயைச் சொன்னார். கார், அழுகை, அம்மாவைக் கூப்பிட்டது, கம்பெனிப் பொய், எல்லாவற்றையும் சொன்னார்.

"வெளிய தெரியக் கூடாதுண்ணா. வீட்டோட இருக்கற விஷயம்."

"ச்சே, நான் சொல்வேனா?" என்றார் சேஷகிரி. அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று குணசேகர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். அந்த மனிதர் பொய்யழுகை அழுதிருந்தால் இவ்வளவு கெடுதல் நடந்திருக்காது.

மறுநாள் பரிசளிப்பு. மேடையில் சேஷகிரி, பக்கத்தில் கோப்பையோடு லாயிட், அரை அடி பின்னால் வழக்கம்போல் குணசேகர். யாமினி போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தாய்மார்கள். லூர்துமேரி முதல் வரிசையில், நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசோகனுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

சேஷகிரி முதலில் மைதானத்துக்கு வேலி, விளக்கு என்று ஆரம்பித்தார். பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான். சேஷகிரி பேச்சை நிறுத்தினார். லாயிட்டின் தோளில் கையைப் போட்டார்.

"நான் உங்களுக்கு வாக்குறுதி கொடுக்க வரல. ஒரு நெஜம் சொல்றேன். இதோ, இந்த லாயிட். ரெண்டு வருஷம் முந்தி இவன் எங்க இருந்தான் தெரியுமா? கம்பெனியில இல்ல. குடிச்சு குடிச்சு கை நடுங்கி, அத்திபெலே தாண்டி ஒரு இல்லத்துல கெடந்தான். கார்ல கொண்டு போறப்போ அம்மா, அம்மான்னு அழுதான். இன்னைக்குப் பாருங்க! இவன் ஒரு விசிலுக்கு ஊரே நிக்குது. இவன்தான் எனக்கு லீடர்!"

சேஷகிரியின் குரல் உடைந்தது. கொட்டாவி விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு கைதட்டல், விசில், "லாயிட்! லாயிட்!" என்று கூச்சல். இளவட்டங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அதுவரை அவர்கள் சேஷகிரிக்குத் தட்டியதே இல்லை.

குணசேகர் தான் சொன்ன வார்த்தைகளே இரண்டு ஸ்பீக்கர் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை மாறவில்லை. 'கம்பெனியில இல்ல' என்பதைக்கூடச் சேஷகிரி விடவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். மயக்கம் வந்தது போல விழுந்தாவது தொலைத்திருக்கலாம்.

லாயிட் சிரித்தான். கூட்டத்தில் ஒருவன் சட்டை கிழிந்தால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, ரயில் பாதை ஓரமாக நடந்துபோனான். முதல் வரிசையில் லூர்துமேரி சேஷகிரியைப் பார்க்கவேயில்லை. அவருக்கு அரை அடி பின்னால் இருந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் வார்டைத் தாண்டி, அல்சூரைத் தாண்டி, எங்கெங்கோ போய்விட்டது. கீழே இதய எமோஜி போட்டிருந்தார்கள், நெருப்பு எமோஜி போட்டிருந்தார்கள். 'என்ன மனுஷன்யா சேஷகிரி' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து லாயிட்டுக்குப் போன் வந்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. சில பெற்றோர் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள், பிள்ளைகளோடு இருக்கிற வேலை அல்லவா, நிர்வாகம் இன்னும் கொஞ்சம் யோசிக்க விரும்புகிறது, நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். பிறகு கூப்பிடவில்லை.

குணசேகர் யாமினியிடம் ஓடினார். அவள் முகம் வெளுத்துப்போய் அப்போதே அதை அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நெஜமான கதை வேணும்னு நான்தான் கேட்டேன் அங்கிள்" என்றாள். "அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு சார்கிட்ட கேக்கத் தோணல பாருங்க. எல்லாரும் கைதட்டினாங்களா, நானும் தட்டினேன்."

சேஷகிரிக்கோ நிஜமாகவே புரியவில்லை. "நான் அவனை உசத்தித்தானே பேசினேன் குணா? ஒரு தப்பு வார்த்தை சொன்னேனா?" என்றார். பள்ளிக்கூடத்துக்கு அவரே போன் செய்தார். "கண்டிப்பா சார், பாக்கறோம் சார்" என்றார்கள். அதோடு சரி.

குணசேகர் அசோகன் வீட்டுக்குப் போக மூன்று நாள் தைரியம் வரவில்லை. போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. லூர்துமேரி தலை நிமிரவில்லை. அசோகன் கட்டிலில் சாய்ந்து, வாயில் இன்ஹேலரை வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். குணசேகர் என்னென்னவோ சொன்னார். நான் நல்லதுக்குத்தான், வெளியே சொல்லாதீர்கள் என்றுகூடச் சொன்னேன், அவர் இப்படிச் செய்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை. எல்லாம் நிஜம். எதுவும் அந்த அறையில் எடுபடவில்லை.

அசோகன் மூச்சு வாங்கி முடித்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு கார் ஓட்டனது நீ ஒருத்தன்தான் குணா."

அடிப்பார், திட்டுவார் என்றுதான் குணசேகர் போயிருந்தார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. பீரோ கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீல ட்ராக் சூட் கவர் பிரிக்காமல் இருந்தது.

தேர்தலில் சேஷகிரி ஜெயித்தார். அந்த மைதானத்தைச் சுற்றியிருந்த பூத்துகளில்தான் அவருக்கு நல்ல லீடிங். இளைஞர் ஓட்டு அப்படியே விழுந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னபடி வேலி போட்டார், விளக்கும் போட்டார். இதைச் சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். வெளிச்சத்தில் பிள்ளைகள் ஆடினார்கள், வேறொருவன் கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் விசிலை ஊதினான். லாயிட் அந்தப் பக்கம் வரவில்லை.

மற்ற வீடுகளில் மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. யாரும் குணசேகரிடம் சண்டை போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நன்றி சொல்லச் சேஷகிரி வீதி வீதியாக வந்தபோது குணசேகர் பழையபடி அரை அடி பின்னால் நடந்தார். பெட்டி ஆன்ட்டி வாசலில் நின்றார். முழங்காலைத் தாண்டி அவரைப் பற்றித் தனக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் குணசேகருக்கு உறைத்தது. முந்தின நாள் அவரைக் கேட்டதற்கு "நல்லா இருக்கோம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தார். அடுத்த வீட்டிலும் நல்லா இருக்கோம். அதற்கு அடுத்த வீட்டிலும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கேட்டருகே அவர் டீ குடித்து முடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சும்மா நின்றார். ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வார்டில் இருக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் நன்றாக இருந்தார்கள்.

"ஏன் குணா, இப்பல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?" என்றார் சேஷகிரி.

"ஒண்ணும் விசேஷம் இல்லண்ணா."

அசோகன் வீட்டுக்கு மட்டும் அவர் போவதை நிறுத்தவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மாவு வாங்கப் போவார். லூர்துமேரி மாவை ஊற்றிக் கொடுப்பார். உள்ளே அசோகன் இருமுவது கேட்கும், வா என்று கூப்பிடமாட்டார். ஒரு நாள் லாயிட்டின் செருப்பு வாசலில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வாரம் ஓடிப்போனது.

"லாயிட் எங்க அண்ணி? ஆளயே காணோம்."

லூர்துமேரி கரண்டியை மாவுக்குள் வைத்துவிட்டு, அவரை நேராகப் பார்த்துச் சொன்னார். "அத்திபெலேல கம்பெனி வேலை. அங்கயே ரூம் எடுத்துகினு இருக்கான்."

குணசேகர் எடுத்துக்கொடுத்த அதே வார்த்தைகள், அதே வரிசையில். பையன் மறுபடி குடிக்கப் போய்விட்டானா? மறுபடி அந்த இல்லமா, இந்தத் தடவை யார் கார் ஓட்டினார்கள்? இல்லை, நிஜமாகவே வேலைதானா? ஊர் முழுக்க அந்தப் பொய்யைக் கேட்டு நம்பியது. நிஜமா பொய்யா என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது அவரும் ஊரில் ஒருவர். துருவிக் கேட்க வாய் வரவில்லை. "நல்லது அண்ணி" என்று சொல்லிவிட்டு மாவோடு வீட்டுக்கு வந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், காலையில் பால் வாங்கப் போனவர் டிரான்ஸ்பார்மர் பக்கத்துச் சுவரில் புதுப் போஸ்டர் ஒன்றைப் பார்த்தார். கண்ணீர் அஞ்சலி. கறுப்புப் பார்டருக்குள் அசோகன், எப்போதோ எடுத்த கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய முகத்தோடு இருந்தார். பசை இன்னும் ஈரமாக இருந்தது. நடுச்சாலையில் நின்று அதை இரண்டு தடவை படித்தார். யார் வீட்டில் துக்கம் நடந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, கல்லறையில் இடம் கேட்பது எல்லாம் அவர்தான். தன் அண்ணன் செத்துப்போனதை அவர் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே அழுதார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகியிருந்தது. ஷாமியானா போட்டாயிற்று, நாற்காலி வந்தாயிற்று, ஐஸ் பெட்டிக்குள் அசோகன் இருமல் இல்லாமல் படுத்திருந்தார். தலைமாட்டில் லாயிட் நின்றான். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறான். கம்பெனி பனியனும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இருந்தான். அட்டையில் அத்திபெலே என்று போட்டிருந்தது. கண் சிவந்திருந்ததே தவிரக் கை நடுங்கவில்லை. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் குணசேகருக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே, அவனைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

சற்று நேரத்தில் சேஷகிரி மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஷாமியானாவுக்குள் நுழையும்போது பழக்கம் விடாமல் அவருடைய இடது காது பின்பக்கம் சாய்ந்தது.

"என்ன ஆச்சாம்? ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களா?"

"தெரியலண்ணா."

"எத்தனை நாளா முடியாம இருந்தார்?"

"தெரியலண்ணா" என்றார் குணசேகர் மறுபடியும்.

சேஷகிரி திரும்பி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தனியாக முன்னால் போய், மாலையைப் போட்டு, லூர்துமேரியின் முன் கைகூப்பினார். சொல்வதற்கு வார்த்தை கிடைக்காமல், "தைரியமா இருங்கம்மா" என்று ஊருக்கெல்லாம் சொல்வதையே சொன்னார். லூர்துமேரி தலையாட்டினார். சேஷகிரி லாயிட் பக்கம் கை நீட்டினார். லாயிட் கையைக் கொடுத்தான். சேஷகிரி போய்விட்டார்.

குணசேகர் போகவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகியதும் லூர்துமேரியின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? கூடப் பொறந்தவனாட்டம் இருந்தேனே. கடைசியா ஒரு தடவ உயிரோட அண்ணன் முகத்த பாத்திருப்பேனே."

லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாகவே பேசவில்லை. ரேஷன் கடையில் அறிமுகம் இல்லாத ஒருவருக்குப் பதில் சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

"சொல்லலாம்னுதான் நான் நெனச்சேன் சார். அவருதான் வேணாம்னாரு. நான் மூச்சுக்கு இழுத்துகினு கெடக்கறத மைக்ல கேக்க வேணாம் மேரின்னு சொல்லிட்டாரு."

இத்தனை வருஷத்தில் அவர் குணசேகரை ஒரு நாளும் சார் என்று கூப்பிட்டதில்லை. குணசேகர் வாயைத் திறந்தார். அதற்குள் தங்கவயலிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். லூர்துமேரி அவரைத் தாண்டிப் பார்த்து, "வாங்க தம்பி, உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்று வேறு யாரையோ கட்டிக்கொண்டு அழுதார்.

குணசேகர் எழுந்து வழிவிட்டார்.